சாவி யார் கையில்? வடலூர் வள்ளலார் கட்டிய சபையும் பூட்டிய கதவும்

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் பேச்சு ரதத்தைப் பற்றித்தான். பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் நகரத்தார் வெள்ளி ரதம் நூறாண்டுகளுக்கு மேல் பழக்கமானது. 2017ஆம் ஆண்டு இந்து அறப்பணி வாரியம் தங்க ரதத்தைக் கொண்டுவந்தது. அது குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படுகிறது. எது முன்னே போவது, எது பின்னே வருவது, யார் பெயர் அழைப்பிதழில் மேலே வருவது என்று அந்த ஆண்டு காப்பிக்கடைகளில் நடந்த வாதங்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். முருகனுக்கு அதில் எந்தக் கவலையும் இருந்திருக்காது. கவலை எல்லாம் நமக்குத்தான்.

அதே தைப்பூச நாளில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் வடலூர் என்ற ஊரில் வேறொரு கூட்டம் கூடுகிறது. அங்கே காவடி இல்லை, ரதம் இல்லை. எண்கோண வடிவில் ஒரு கட்டடம். உள்ளே கண்ணாடி, அதன் பின்னே ஒரு விளக்கு, முன்னே ஏழு நிறங்களில் ஏழு திரைகள். காலை 6 மணி தொடங்கி மறுநாள் விடியற்காலை வரை ஆறு வேளை ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரியும். மற்ற மாதப் பூசங்களில் ஆறு திரைகள்தான் விலகும். இந்தச் சபையை 1872இல் கட்டியவர் வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள். அந்தச் சபையை அடுத்த ஆண்டே பூட்டிவிட்டு, சாவியோடு போனவரும் அவர்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் அவர் பெயரில் மன்றங்கள் இருக்கின்றன. அன்னதானம் என்றவுடன் அவர் படத்தை மாட்டாத பந்தல் குறைவு. வெள்ளை வேட்டியைத் தலைக்கு முக்காடாகப் போட்டு, கை கட்டி நிற்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பசி தீர்த்த கதை தெரிந்த அளவுக்கு, அவர் ஏற்படுத்திய நிலையங்களில் என்ன நடந்தது என்ற கதை தெரியாது. சங்கம் நடத்துகிறவர்கள், ஆலய நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இரண்டாவது கதையையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் தேதி பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு முதல் ஐந்து மனைவிகள் பிள்ளையில்லாமல் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோக, ஆறாவதாக வந்தவர் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி இராமலிங்கம். குழந்தை தவழும் முன்பே தந்தை போய்விட்டார். தாய் பிள்ளைகளோடு பிறந்த ஊரான சின்னக்காவணத்துக்கும், பிறகு சென்னைக்கும் வந்தார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் குடித்தனம். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பி படிக்கப் போகாமல் கந்தகோட்டத்திலேயே கிடந்ததும், கோபித்த அண்ணன் வீட்டில் சோறு போடக்கூடாது என்று சொன்னதும், அண்ணி பாப்பாத்தியம்மாள் கணவருக்குத் தெரியாமல் பின்கட்டில் சோறு போட்டதும் எல்லோரும் சொல்லும் கதைகள். ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போக, தம்பி முத்தியாலுப்பேட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் சம்பந்தர் புராணம் சொல்லி, கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்பதும் அப்படித்தான். இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அண்ணியின் சோறுதான். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு நிபந்தனை இல்லாமல் போட்ட சோறு. பின்னாளில் அவர் செய்த பெரிய காரியம் எல்லாமே அந்தப் பின்கட்டில் தொடங்கியதாக நினைத்துக்கொள்வேன். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். நடந்தே திருவொற்றியூர் போவார், வருவார். வீட்டார் வற்புறுத்தலால் 27ஆம் வயதில் சகோதரியின் மகள் தனக்கோடியை மணந்தார். இல்லறம் பெயருக்குத்தான். ஒழிவிலொடுக்கம் என்ற பழைய நூலைப் பதிப்பித்தார், 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதினார். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை அது. அரசனுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறது, அந்த அதிகாரம் தன் வீட்டுக்குள்ளும் செல்லுமா என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி.

1858ஆம் ஆண்டு வாக்கில் சென்னையை விட்டு வெளியேறினார். தலங்களைப் பார்த்துக்கொண்டு சிதம்பரம் வந்து, அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். அங்கே ஒன்பது ஆண்டுகள். எண்ணெய் என்று நினைத்து நீர் ஊற்றியும் விளக்கு எரிந்ததாகச் சொல்வது இந்த வீட்டில்தான்.

கருங்குழியில் இருந்தபோதுதான் அவருடைய கனவு உருவம் பெறத் தொடங்கியது. 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம். சாதி, சமயம், குலம், கோத்திரம் எதுவும் கேட்காத ஒரு கூட்டம். கொலையும் புலாலும் விலக்க வேண்டும், பசித்த உயிருக்கு உணவு தர வேண்டும், இறைவனை ஒளி வடிவில் வணங்க வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. பிறகு அவர் சொன்னவை இன்னும் தூரம் போயின. இறந்தவர்களை எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும். கருமாதிச் சடங்குகள் வேண்டாம். கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம். மனைவி இறந்தால் கணவன் வேறு திருமணம் செய்ய வேண்டாம். 1871இல் இதைக் கட்டளையாகவே எழுதி அனுப்பினார். அந்தக் காலத்துத் தென்னாற்காட்டுக் கிராமத்தில், ஆங்கிலப் படிப்பு இல்லாத ஒருவர் இதை எழுதினார் என்பதை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

சோற்றுக்கு வருவோம். 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளையும் பஞ்சம் பிடித்தது. அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் தேதி, வடலூரில் தருமச்சாலை தொடங்கியது. பார்வதிபுரம் மக்கள் சுமார் எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். சிறு நிலம் வைத்திருந்த பலர் சேர்ந்து எழுதிக்கொடுத்த நிலம் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வந்தவருக்குச் சோறு. எந்த ஊர், எந்தச் சாதி என்ற கேள்வி கிடையாது. அடியவருக்கு ஒரு பந்தி, கூலியாளுக்கு ஒரு பந்தி என்பதும் கிடையாது.

அதே 1867இல்தான், ஏப்ரல் 1ஆம் தேதி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய அரசாங்கத்தின் கையிலிருந்து பிரிந்து நேரடியாக லண்டன் ஆட்சியின் கீழ் வந்தன. அப்போதே நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் பினாங்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தஞ்சாவூர், தென்னாற்காடு போன்ற இடங்களின் பசியிலிருந்து தப்பி வந்தவர்கள். ஒரே பசிக்கு அங்கே ஒருவர் அடுப்பு மூட்டினார், இங்கே நம் முன்னோர் கப்பல் ஏறினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வள்ளலார் பெயரைச் சொன்னபோது குரல் மாறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தருமச்சாலையோடு சன்மார்க்க போதினி என்ற பாடசாலையையும் தொடங்கினார். சிறுவர்களோடு பெரியவர்களும் படிக்கலாம். தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் உண்டு. சன்மார்க்க விவேக விருத்தி என்று ஒரு பத்திரிகை நடத்தவும் திட்டம் இருந்தது. சந்தா தருவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலும் உண்டு. பத்திரிகை வெளிவரவில்லை. நம் சங்கங்களில் ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடிக்க அலைந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

பாடல்கள் அச்சேறிய கதையில் அவருடைய குணம் தெரிகிறது. பாடல்களை வெளியிட அவருக்கு விருப்பமே இல்லை. இறுக்கம் இரத்தின முதலியார் ஆண்டுக்கணக்கில் கெஞ்சினார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அவர் இருந்துவிட்ட பிறகுதான் சம்மதம் கிடைத்தது. தலைப்புப் பக்கத்தில் தன் பெயருக்குப் பின்னால் சாமி என்று போடக்கூடாது, அது ஆரவாரம் என்று கடிதத்தில் தடுத்தார். ஆனால் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த நூலுக்குத் திருவருட்பா என்று பெயர் வந்தது, ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பட்டமும் வந்தது. தலைவர் வேண்டாம் என்று சொன்ன பட்டத்தைத் தொண்டர்கள் சூட்டினார்கள். அந்த நூலால்தான் அவர் புகழ் பரவியது, அந்தப் பட்டத்தால்தான் சண்டையும் வந்தது.

சண்டைக்கு வந்தவர் சாதாரண ஆள் இல்லை. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர். சைவப் பள்ளிகளைத் தொடங்கியவர், அச்சுக்கூடம் வைத்துப் பழந்தமிழ் நூல்களைச் செம்மையாகப் பதிப்பித்தவர். மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் அவரைத் தெய்வம்போல் போற்றினார்கள், அதில் தவறில்லை. தேவார திருவாசகங்களுக்கு மட்டும் உரிய அருட்பா, திருமுறை என்ற பெயர்களை உயிரோடு இருக்கும் ஒருவரின் பாட்டுக்கு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. கோயில்களில் அவற்றைப் பாடத் தொடங்கிவிட்டால் மரபு என்ன ஆகும் என்பது அவர் பயம். நாவலர் தரப்பிலும் நியாயம் இருந்தது என்று சொன்னால் சில அன்பர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவர் எழுதிய மறுப்பின் நடை நியாயத்தைத் தாண்டிப் போனது.

1869இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனது. அருட்பாவா மருட்பாவா என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். வழக்கு அதைப் பற்றியதல்ல. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த மானநட்ட வழக்கு அது. வள்ளலார் உள்ளே வந்தபோது மன்றமே எழுந்து நின்றது, நாவலரும் எழுந்தார், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. அது அன்பர்களிடையே வளர்ந்த கதை என்ற அளவில் வைத்துக்கொள்வோம். நாவலரும் வள்ளலாரும் போன பிறகும் சண்டை ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகள் மறுபக்கம். அருட்பாவுக்காக மேடையேறியவர்களில் முக்கியமானவர் செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மகா மாரியம்மன் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

1870இல் வடலூரை விட்டு மேட்டுக்குப்பம் போய்த் தங்கினார். நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் தருமச்சாலை நடக்கும் இடத்திலேயே அவர் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. சாலையில் இருந்தவர்களுக்குள் சச்சரவு வேண்டாம், கடுஞ்சொல் வேண்டாம் என்று அவர் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எல்லா உயிரையும் தன்னுயிராக நினைக்கும் கூட்டத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரோடு சண்டை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

1872 ஜனவரி 25, தைப்பூசம். சத்திய ஞான சபையில் முதல் ஜோதி வழிபாடு. உருவம் இல்லை, அபிஷேகம் இல்லை, பூசாரி குலம் இல்லை. அந்த ஆண்டு ஜூலை 18ஆம் தேதி அவர் வழிபாட்டு விதியை எழுதினார். அவர் எழுதியவற்றில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது இந்த விதிதான். பாடல்களில் பறக்கிறவர் இதில் ஒரு கணக்குப்பிள்ளையின் மகனாகத் தெரிகிறார்.

சபைக்குள் போய் விளக்கைத் துடைத்து ஏற்றுகிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராக இருக்க வேண்டும், அல்லது எழுபத்திரண்டு வயதைக் கடந்த பெரியவராக இருக்க வேண்டும். ஆசையும் அதிகாரமும் உச்சத்தில் இருக்கும் நடுவயதுக்காரர்களுக்கு இடமே இல்லை. சபைச் சாவி ஒருவர் கையிலும் இருக்கக்கூடாது. அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியைச் சபைக்குள் இருக்கும் பொற்சபையில் வைக்க வேண்டும். பெட்டியின் சாவிதான் காவல் பொறுப்பில் இருப்பவரிடம் போகும். ஒரு சாவிக்கு இன்னொரு சாவி. பூட்டும் சாவியும் யாரிடம் போகிறதோ அவரிடம் சபையும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய செயலவை புதிய செயலவையிடம் அலமாரிச் சாவியைக் கொடுக்க மறுத்து, விஷயம் சங்கப் பதிவு இலாகாவரைக்கும் போன கதைகளை நம் ஊரில் கேட்டிருக்கிற எவருக்கும் இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜூலை மாதத்திலேயே பெயர்களையும் மாற்றினார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆனது. வேதம் என்ற சொல் போய்ச் சுத்தம் என்ற சொல் வந்தது. சாலைக்கும் அப்படியே. ஒரு சொல் மாற்றம்தான், ஆனால் பழைய சமயங்களோடு இருந்த கடைசிக் கயிற்றையும் அவர் அறுத்துக்கொண்டார். இளமையில் அவர் உருகி உருகிப் பாடியது கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும். இப்போது அந்தச் சமயங்களில் தானும் பற்று வைத்திருந்தது அறியாப் பருவத்தில் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். கூட வந்தவர்கள் எத்தனை பேர் அந்த இடம்வரை வந்தார்கள்? மிகச் சிலர். சோறு போட வந்தவர்கள் உண்டு, பாட்டுக்காக வந்தவர்கள் உண்டு, செத்தவரை எழுப்பும் சித்து எப்போது நடக்கும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. சாதியை விடச் சொன்னபோது கூட்டம் மெலிந்தது.

உலகில் இப்படிக் கனவு கண்டவர்கள் வேறு பலர் இருந்தார்கள். ராபர்ட் ஓவன் என்ற ஆலை முதலாளி 1825இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவ ஊரை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில் உட்பூசலால் அது உடைந்தது. கல்கத்தாவில் பிரம்ம சமாஜம் 1866இல் ஒருமுறை பிளந்தது, 1878இல் மறுமுறை பிளந்தது. வடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பக்கம் 1968இல் ஆரோவில் தொடங்கினார்கள். 1973இல் அன்னை மறைந்ததும் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1988இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. இவர்கள் எல்லோரிடமும் ஏதாவது பணமோ, செல்வாக்கோ, அரசின் துணையோ இருந்தது. வடலூர்க்காரரிடம் இருந்தது விவசாயிகள் கொடுத்த நிலமும் ஓர் அடுப்பும்.

1873இல் சபை பூட்டப்பட்டது. அவர் வகுத்த விதிப்படி வழிபாடு நடக்கவில்லை என்பதே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கவனியுங்கள், தருமச்சாலையை அவர் பூட்டவில்லை. ஜோதி தரிசனம் நின்றது, சோறு நிற்கவில்லை. அக்டோபர் 22ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் மஞ்சளும் வெள்ளையுமான கொடியை ஏற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் அடியோடு விடச் சொன்ன பேச்சு அது. கேட்டவர்களிடம் அவர் ஒப்படைத்ததும் இல்லை, வாரிசு என்று ஒருவரைக் கை காட்டியதும் இல்லை. சில வாரங்கள் கழித்து, தன் அறையில் இருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து அதை வழிபடச் சொன்னார்.

1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு. மேட்டுக்குப்பம் சித்திவளாக மாளிகையில் ஒரு சிறு அறைக்குள் போனார். கதவை வெளியே பூட்டச் சொன்னார், திறக்க வேண்டாம் என்றார். அவருக்கு வயது ஐம்பது. பிறகு அரசாங்க அதிகாரிகள் வந்து திறந்தபோது அறை காலியாக இருந்தது. ஒளியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. என்ன நடந்தது என்பதில் சந்தேகப்படுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தென்னாற்காடு மாவட்டக் கையேட்டை 1878இல் தொகுத்த கார்ஸ்டின் என்ற ஆங்கில அதிகாரி, அவர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட செய்தியைப் பதிவுசெய்திருக்கிறார். பிரெசிடென்சி கல்லூரித் தமிழாசிரியராக இருந்த தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், தன் ஆசிரியர் உலக சகோதரத்துவத்தைப் போதித்ததையும் மக்கள் அதை ஏற்காததால் அவர் வருந்தியதையும் சொல்கிறார்.

ஆனால் அதே வேலாயுத முதலியார்தான் ஆறாம் திருமுறையை வெளியிடாமல் நிறுத்தி வைத்தவர். ஐந்தாம் திருமுறை 1880இல் வந்தது. சமயங்களை உதறிய பாடல்கள் அதிகமுள்ள ஆறாவது, வேறு அன்பர்கள் முயற்சியால் 1885இல்தான் வெளிவந்தது. முதன்மை மாணவருக்கே ஆசிரியரின் கடைசிப் பேச்சு தொண்டையில் சிக்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இல்லாவிட்டால் முதல் நான்கும் வந்திருக்காது.

சபை என்ன ஆனது? வள்ளலாரின் அன்பர்களில் ஒருவரான ஆடூர் சபாபதி சிவாச்சாரியார் வழிபாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். காலப்போக்கில் ஜோதி இருந்த சபையில் இலிங்கமும் பிரதோஷமும் வந்தன. பொறுப்பு அப்பாவிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் போனது. வள்ளலாரே தங்கள் முன்னோரை நியமித்தார் என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். சன்மார்க்க அன்பர்கள் 1872 விதியைக் காட்டி எதிர்த்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன், எழுபத்திரண்டு வயதுக் கிழவர் என்று எழுதியிருக்கும் இடத்தில் பரம்பரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். 2006இல் அறநிலையத் துறை, வள்ளலார் விதித்தபடி ஜோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2010இல் நீதிபதி சந்துரு அந்த உத்தரவை உறுதிசெய்தார். எழுதி 138 ஆண்டுகள் கழித்து, அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி வென்றது. எழுதி வைப்பதில் பயன் இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. சபையும் சாலையும் இன்று அரசின் அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. அவருடைய இருநூறாம் ஆண்டைத் தமிழ்நாடு அரசு பெரிதாகக் கொண்டாடியது, பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது. சபைக்கு முன்னுள்ள பெருவெளி என்ற திறந்த மைதானத்தில், சுமார் நூறு கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எதிர்த்துக் கிளம்பியவர்கள் பார்வதிபுரம் மக்கள். எங்கள் பாட்டன்மார் இந்த நிலத்தைத் தைப்பூசத்தன்று கூட்டம் நின்று ஜோதி பார்க்கக் கொடுத்தார்கள், கட்டடம் கட்டக் கொடுக்கவில்லை என்றார்கள். தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் போராடினார்கள். வள்ளலார் பெயரை உலகுக்குக் கொண்டு போகத்தானே என்று அரசு தரப்பு சொன்னது. அந்த விவகாரமும் நீதிமன்றம் ஏறியது.

அரசு கைக்குப் போனால் நல்லதா, பரம்பரைக் குடும்பத்திடம் இருந்தால் நல்லதா, அன்பர் சங்கத்திடம் விட்டால் நல்லதா என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல. பினாங்கில் கோயில் சொத்துகளும் பள்ளிவாசல் சொத்துகளும் சீராக நடக்கவில்லை என்று பிரிட்டிஷ்காரர்கள் 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். இன்றைய இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளி ரதத்துக்கும் தங்க ரதத்துக்கும் நடந்த வாதம் ஒருவகையில் அந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சி. நகரத்தார் சமூகம் தன் சொந்தப் பணத்தில் நடத்துவதும் பொது வாரியம் நடத்துவதும் ஒரே சாலையில் சந்திக்கின்றன.

வாரியங்களும் சங்கங்களும் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வள்ளலார் காலத்திலேயே தருமச்சாலைக்கு அரிசி வாங்க, கணக்கெழுத, விறகு சேர்க்க ஆள் வேண்டியிருந்தது. கல்பட்டு ஐயா போன்றவர்கள் அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பெயரில் பட்டமும் இல்லை, வழக்கும் இல்லை. சபையைச் சுற்றி நூற்றாண்டுக்கும் மேல் வழக்கு நடந்த அதே வளாகத்தில், சாலையில் பந்தி நடந்துகொண்டே இருந்தது. அங்கே யாரும் எனக்கு உரிமை உனக்கு உரிமை என்று மல்லுக்கட்டியதாக அதிகம் கேள்விப்பட்டதில்லை. கரண்டி பிடிக்கும் உரிமைக்காக யார் நீதிமன்றம் போவார்கள்?

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் வடலூர்க் கூட்டம் மேட்டுக்குப்பம் போகிறது. அன்று அந்த அறையின் முன்னால் வரிசையில் நின்று, சன்னல் வழியே ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். அதே நாளில் இங்கே தண்ணீர்மலைச் சாலையில் பந்தல்களைப் பிரித்து, கழுவிய அண்டாக்களைக் கவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.